தொலைந்த பைக்கு நாலு பேர்

அன்புள்ள அப்பாவுக்கு, புனிதமலர் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி எப்படி? தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

பயப்படாமல் படியுங்கள். போன வாரம் பாஸ்போர்ட்டோடு என் கைப்பையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன். மறுநாளே போலிஸ் போனில் கூப்பிட்டு, பை கிடைத்தது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். துணையில்லாமல் ஸ்டேஷனுக்குப் போகாதே என்று பழக்கியவர் நீங்கள்தானே? வீட்டுக்கார அன்ரி தவமணியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், காரணமே கேட்கவில்லை. "தனியப் போகாதை பிள்ளை, நானும் வாறன்" என்று சேலை மாற்றப் போனார். அங்கிளும் வந்தார். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பேக்!" என்று கத்திக்கொண்டே மகள் துர்க்காவும் காரில் ஏறினாள்.

எங்கள் நாலு பேரையும் பார்த்த போலிஸ்காரப் பெண், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறி எழுந்துவிட்டார். பிறகு ஒரு கையெழுத்து, பை என் கையில். அன்ரி மட்டும் நகரவில்லை. "வேறை ஒண்டும் கேக்கமாட்டினமோ?" என்று என் காதைக் கடித்தார். வீடு வரும்வரை சிரிப்புத்தான்.

அப்பா, நம் மோட்டார்சைக்கிள் திருடு போனதற்கு இன்னும் ரிப்போர்ட் செய்யவில்லையாமே? ஆட்சி மாறினாலும் ஸ்டேஷன் மாறாது என்றீர்களாம். தேர்தலன்று மட்டும் விடியுமுன்னே வரிசையில் நிற்கிறீர்களே! ஒரு தடவை போய்த்தான் பாருங்கள்.

மீன் கறித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள், இங்கே உள்ளது நாக்குக்குப் பழகவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. கடைசியாக ஒன்று.

பக்கத்து வீட்டு முத்தழகு மாமாவை ஸ்டேஷனுக்குத் துணையாக அழைத்துப் போங்கள். எப்போதும் உங்களோடு வருகிற நான் இங்கே இருக்கிறேனே.

உங்கள் மலர்