மாவரைக்கிற கிரைண்டர் இல்லை

ஆங் மோ கியோ,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள மாப்பிள்ளை ஆதவனுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நான் சுகம். மழை வந்தால் முட்டி வலிக்கிறது, அது பழைய கதை. பெர்த்தில் இப்போது நல்ல குளிர் என்று டிவியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். காதில் காற்று பட்டால் உங்களுக்குத் தலைவலி வந்துவிடும் என்று தாரணி சொல்வாள்.

என்னடா இது, அத்தை போய்க் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் பேசித்தான் அனுப்பினேன், நாலைந்து தடவை. நீங்கள் கேட்கவில்லை என்று அதிலேயே தெரிகிறது. கோபமில்லை. என் குரலும் அவள் குரலும் ஒன்று போலவே இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால் கேட்க முடியவில்லையோ என்னவோ. எழுத்துக்குக் குரல் கிடையாது, அதான் எழுதுகிறேன். நாலாவது வரைக்கும் படித்தவள் எழுத்து. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒன்றும் மாறவில்லை. போன வாரம் நம் அடுக்குமாடி புளோக் லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி பழக்க தோஷத்தில் நம் கதவைத் தட்டி, "தாரணி ஹோம் ஆ?" என்று கேட்டுவிட்டார். லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் வேலை செய்கிற பெண் என்றால் புளோக் முழுக்க அவளைத்தானே தேடும். கேட்ட பிறகுதான் ஆன்ட்டிக்கு ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான்தான் உட்கார வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன். எனக்கும் அப்படித்தான் ஆகிறது. அவள் கம்பெனிச் சட்டை போட்ட யாராவது பஸ்ஸில் ஏறினால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறேன்.

சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் இன்னும் காய் நறுக்கப் போகிறேன். அவள் அரத்தால் தேய்த்தே செய்து கொடுத்த அந்தக் கத்திதான். அதைச் செய்து முடிப்பதற்குள் அவள் கையெல்லாம் கொப்புளம். "இனிமே கையால தேய்க்க மாட்டேம்மா, மெஷின் செஞ்சுதான் அடுத்த கத்தி" என்றாள். அந்த மெஷின் விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை லாசரஸ் கடைக்கு வந்தார். அவருடைய வெல்டிங் பட்டறை லீஸ் முடிகிறதாம், அடுத்த மாதம் சின்ன இடத்துக்கு மாறுகிறாராம். "அக்கா, மூலையில தாரணி மெஷின் நிக்குது. ஆதவனுக்குப் போன் போட்டேன். பழைய இரும்புக்குப் போட்டுடுங்கண்ணேன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாப்ல. எனக்குத்தான் கை வரல" என்றார்.

கேட்டதும் எனக்குக் கையிலிருந்த முருங்கைக்காய் கீழே விழுந்தது. ஆனால் நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும் மாப்பிள்ளை.

வேலை முடிந்ததும் அவரோடு போய்ப் பார்த்தேன். அவர் பற்ற வைத்துக் கொடுத்த இரும்புச் சட்டம் அப்படியே நிற்கிறது. சக்கரங்கள் மாட்டியிருக்கின்றன. உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான அந்த நீளப் பெல்ட் ஒன்று மேலே தொங்குகிறது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் திமிறுகிறது. மோட்டார் வர வேண்டிய இடம் மட்டும் நாலு ஓட்டையோடு காலியாக இருக்கிறது.

"அம்மா, நான் கிரைண்டர் செய்யப் போறேன்" என்று அவள் முதலில் வந்து சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் என் மகளுக்கும் இட்லி மேல் ஆசை வந்துவிட்டது என்று தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் அரிசியும் உளுந்தும் வாங்கி ஊறவே போட்டுவிட்டேன். "ஐயோ அம்மா, இது மாவரைக்கிற கிரைண்டர் இல்ல, கத்தி தேய்க்கிறது!" என்றாள். நீங்கள் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ஊறப் போட்டது வீணாகக் கூடாது என்று அந்த வாரம் முழுக்க இட்லி, தோசைதான். கடைசியில் நீங்களே, "போதும் அத்தை" என்று கும்பிட்டீர்கள்.

அப்புறம் நீங்கள் யாரோ புளோக்குக்குக் கீழே வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன டிரெட்மில்லைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவர், மோட்டாரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை பிறந்த மாதிரி நின்றீர்கள். காசு செலவில்லை, வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம் என்று அவளுக்கே பாடம் எடுத்தீர்கள். பட்டறையில் ஓட்டிப் பார்த்த அன்று, அதன் முன்னால் இருக்கும் கனமான சக்கரம் கழன்று உருண்டு லாசரஸின் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் போய் விழுந்தது. ஒரு பக்கமாகச் சுற்றினால் இறுகுமாம், மறுபக்கமாகச் சுற்றினால் கழன்றுவிடுமாம். "உன் மோட்டார் வீட்டை விட்டே ஓடுது பாரு" என்று அவள் சொன்னதை லாசரஸ் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். மெஷின் செய்ய அவள் பார்த்த வீடியோவில் காட்டுவது அமெரிக்காக் கரண்டுக்காம், நம் ஊர்க் கரண்டில் அதே மாதிரி மோட்டார் மெதுவாகத்தான் சுற்றுமாம். அதனால் ஓட்டுகிற சக்கரத்தைப் பெரிதாக எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது நீங்கள்தானாமே. தாரணி அதைப் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாளாம். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், எனக்குத் தெரியாதா அவளை.

இனி அந்தக் காலையைப் பற்றி. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கும் மோட்டார்ச் சண்டைதான். டிரெட்மில் மோட்டாருக்கு மூடி இல்லை, இரும்புத் தூள் உள்ளே போய்ப் புகைந்துவிடும், மூடின மோட்டார்தான் வேண்டும் என்று அவள். சும்மா கிடைத்ததை விட்டு எதற்கு வாங்க வேண்டும் என்று நீங்கள். "உன் மெஷின், நீயே பண்ணிக்கோ" என்று சொல்லி அறைக் கதவைச் சாத்தினீர்கள். அவள் வேலைக்குப் போனாள். வேலை இடத்திலேயே மயங்கி விழுந்தாள். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் என்னைப் பார்த்து, "அத்தை, நான் கடைசியா அவகிட்ட சொன்னது அதுதான்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அவளைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. ஆபீஸில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு பெர்த்துக்குப் போய்விட்டீர்கள்.

அவள் உங்கள் மேல் கோபமே படவில்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. நல்ல கோபம்தான். வாசலில் ஷூ போட்டுக்கொண்டே, "அவனுக்குத் திமிரும்மா. இருக்கட்டும், சாயங்காலம் வந்து வெச்சுக்கிறேன்" என்றாள். புருஷனை அவன் இவன் என்று பேசாதே என்று நான் அதட்டினேன். "நீ எப்பவும் மருமகன் கட்சி லா" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனாள். நீங்கள் உள்ளே இருந்தீர்கள், கேட்டிருக்காது.

இதை நான் பல நாள் மனதில் போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் இருக்கிறது என்று நினைத்தவள் போட்ட சண்டை அது. நீங்களும் அப்படி நினைத்துத்தான் கதவைச் சாத்தினீர்கள். உங்களோடு கிழவி ஆகிற வரைக்கும் இருக்கப் போகிறோம் என்று நம்பினதால்தான் அவள் அப்படிக் கத்தினாள். விட்டுப் போகிறவள் அப்படிக் கத்த மாட்டாள். எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

நேற்று ஜாலான் புசார் பக்கம் ஒரு மோட்டார் கடைக்குப் போனேன். நெய்னா முகம்மது என்று ஒருவர். கிரைண்டருக்கு மோட்டார் வேண்டும் என்றேன். "எத்தனை லிட்டர் கிரைண்டர்மா?" என்று கேட்டார்! "இது மாவரைக்கிறது இல்லைங்க, கத்தி தேய்க்கிறது" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, "யாரும்மா உங்களுக்கு அவ்வளவு கோபம் வர்ற மாதிரி நடந்துக்கிட்டது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போனதற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான். சிரித்தது அழுகையாகிவிட்டது. அந்த மனுஷன் பயந்துபோய் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, யார் சொன்னது சரி என்று கேட்டேன். "டிரெட்மில் மோட்டார் ஓடாதுன்னு சொல்ல முடியாதும்மா. பெட்டிக்குள்ள வெச்சு, தூசி போகாம பார்த்துக்கிட்டா ஓடும். ஆனா தினம் இரும்பு தேய்க்கிற இடத்துல மூடின மோட்டார்தான் நிலைக்கும்" என்றார். ஒன்றை எடுத்துக் காட்டினார். உடம்பெல்லாம் மூடியிருக்கிறது, அதைக் குளிர வைக்கிற விசிறி பின்னால் வெளியே இருக்கிறது. வீட்டுக் கரண்டிலேயே ஓட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பெட்டி தனியாக வேண்டுமாம்.

நான் வாங்கவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற விஷயத்தில் நான் காசை நீட்டி முடித்துவைப்பது சரியாகப் படவில்லை.

லாசரஸ் ஒன்று தெளிவாகச் சொல்லிவிட்டார். "அழகு பார்க்க வைக்கிறதுக்கு என் புது இடத்துல இடம் இல்லக்கா. ஓட்டுறதுக்கு ஆள் வந்தா சொல்லுங்க, தலையில தூக்கி வெச்சுக்கிட்டுப் போறேன். இல்லேன்னா எடைக்குத்தான்." அவர் சொல்வதும் நியாயம்தான். ஆள் வரும் என்று நான் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் அவளுக்கு வருஷம் திரும்புகிறது. திரும்பி வந்து என்னோடேயே இருந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு வயது இருக்கிறது. அங்கேயே இருங்கள், நாளைக்கு வேறொரு பெண்ணைப் பிடித்தால் கட்டிக்கொள்ளுங்கள், முதல் ஆளாக வந்து அட்சதை போடுவேன். அந்தக் காலையை மட்டும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகாதீர்கள். வருஷத்துக்கு வாருங்கள். நாலு நாள் லீவு போட்டால் போதும். மோட்டாரை மாட்டி, ஒரு இரும்புத் துண்டையாவது அதில் தேய்த்துவிட்டுப் போங்கள். அப்புறம் வருகிறபோதெல்லாம் ஓட்டலாம்.

எந்த மோட்டார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் தாரணி கட்சி. மூடின மோட்டார்தான். உங்களுக்கு அதில் சம்மதம் இல்லையென்றால் போனில் சொல்லாதீர்கள், ஒத்துக்கொள்ள மாட்டேன். நேரில் வந்து சண்டை போடுங்கள். அவள் அளவுக்கு எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசத் தெரியும். அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

நன்றாக இருங்கள் மாப்பிள்ளை. வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களோடு சண்டை போட இங்கே இன்னும் ஓர் ஆள் இருக்கிறேன்.

உங்கள் அத்தை,
சிவகாமசுந்தரி