பிடியில்லாத குளிசை

கல்முனைக்குடி
10.07.1982

அன்பு மகள் நதீராவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இங்கே சுகம், பேராதனைக் கம்பஸ் குளிரில் நீயும் சுகமாக நோன்பு பிடித்துவரத் துஆச் செய்கிறோம். இது யாருடைய எழுத்து என்று யோசிக்காதே, முதியோர் வகுப்புக்குப் போன உன் வாப்பாவின் எழுத்துத்தான். உன் கடிதத்தையும் நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன், விடிய வாசிக்கத் தொடங்கி நடுப்பகல் லுஹருக்கு முடித்தேன்.

உம்மா மயங்கி விழுந்ததை மூத்தவன் சரீப் காக்கா உனக்கு அரைகுறையாகத்தான் எழுதியிருப்பான். நோன்புக்கு முன் டொக்டர் உம்மாவின் சீனி வருத்தத்துக்குப் புதுக் குளிசை மாற்றிக் கொடுத்தார், நாளுக்கு ஒன்றுதான். உம்மா பழைய குளிசையைப் போலவே நோன்பு திறந்ததும் ஒன்று, விடியமுன் சஹருக்கு ஒன்று என்று போட்டிருக்கிறா. பின்னேரம் அசருக்குக் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தவ வேர்த்து விழுந்துவிட்டா. வாயில் சீனி போடப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு "நோன்பு போயிரும், உடுங்க" என்கிறா. கெஞ்சிக் கொடுத்தேன், எழும்பி இருந்தா. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு திரும்பவும் கண் சொருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் தெளிந்தா. சீனி கொடுத்த பிறகும் ஏன் அப்படி என்று எனக்கு விளங்கவேயில்லை, நீ எழுதித்தான் விளங்கியது. இரண்டு குளிசையும் உருவத்தில் அண்ணன் தம்பி போல, ஒரு முனைதான் வித்தியாசம், பழையதில் அந்த முனையை ஈரல் பிடித்து மாற்றிச் சுறுக்காக வெளியே அனுப்பிவிடும், புதியதில் அந்த இடத்தில் குளோரின் இருப்பதால் ஈரலுக்கு லேசில் பிடி கிடைக்காது, நாள் கணக்கில் உடம்பில் நிற்கும் என்று எழுதியிருந்தாய். கிணற்றுக்குப் போடும் மருந்தில் இருக்கிற அதே குளோரினா மகள்? பிடி கழன்ற மண்வெட்டி மாதிரி என்று உம்மாவுக்குச் சொன்னேன். "உங்கட தங்கச்சி ஜுனைதா மாதிரி எண்டு சொல்லுங்க, வந்தா லேசில போகாது" என்கிறா.

டொக்டர் பழைய குளிசையையே திரும்பத் தந்து, இந்த வருசம் நோன்பு வேண்டாம் என்றார். உம்மா கேட்கவில்லை. "அது சுறுக்கா போற குளிசைதானே, நாளைக்குப் புடிக்கிறன்" என்று நின்றா. பழைய குளிசைக்கும் வெறும் வயிறு ஆகாது, உம்மா எனக்கு வேண்டும் என்று நீ எழுதிய இடத்தை வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னா. இன்று பகல் குசினிக்குள் ஒளிக்காமல் என் முன்னால் உட்கார்ந்து ஒரு கோப்பைக் கஞ்சி குடித்தா. நோன்போடு பார்த்திருந்தேன் மகள், என் வயிறு நிறைந்துவிட்டது.

குளிர் தண்ணீரில் தலை முழுகாதே, சஹரைத் தவற விடாதே. அல்லாஹ் உன் படிப்பில் பறக்கத் செய்வானாக. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, நான்தான் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மீராமுகைதீன்