அறுபதுக்கு மேல் ஒரு முனகல்

ஜூலை 3, வியாழன்

எழுந்ததும் மிக்ஸி போடவில்லை. கார் சோதிக்கும் நாளில் காதுக்கு ஓய்வு வேண்டும். இட்லிக்குப் பொடிதான். எங்கள் கடையில் காருக்கு ஸ்பீக்கர் மாட்டுவது, இரைச்சலை அடக்கும் ஷீட் ஒட்டுவது எல்லாம் இவர் வேலை. உட்கார்ந்து கேட்டு மார்க் போடுவது நான்.

இன்று சுரண்டை சிவசைலம் அண்ணாச்சியின் கார். பழைய வண்டியாக வாங்கியது. இலஞ்சி ரோட்டில் இவர் ஓட்ட, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்சீட்டில் கண்மூடி உட்கார்ந்தேன். அறுபதுக்கு மேல் ஒரு முனகல். வலப்பக்கம் திரும்பினால் கூடுகிறது. ரோட்டு இரைச்சல் இல்லை இது. இடது முன்சக்கரத்து பேரிங் தேய்ந்திருக்கிறது. தாளில் அப்படியே எழுதினேன்.

இவர் படித்துப் பார்த்தார். "பேரிங்கு மெக்கானிக் பாடு. நம்மகிட்ட சத்தத்தக் குறைக்கத்தான வந்தாரு? வேற தாள்ல எழுதுட்டி."

பேரிங்கை விட்டுவிட்டு எழுதினேன். முதல் தாள் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. எதற்கு வைத்திருக்கிறேன்?

ஜூலை 7, திங்கள்

கதவு, தரை, சக்கர வளைவு, எல்லாம் இரண்டடுக்கு ஷீட். மறுபடி ஓட்டம். முனகல் இல்லை. பாட்டுப் போட்டால் வீணை தனியாகக் கேட்கிறது. பத்துக்கு ஒன்பது போட்டேன்.

செருப்பைக் கழற்றியிருந்தேன். வண்டித் தரையிலிருந்து உள்ளங்காலில் மட்டும் ஒரு அதிர்வு.

ஜூலை 9, புதன்

அண்ணாச்சி கடைக்கு வந்தார். "கண்ணாடிய ஏத்திட்டா எங்க வீட்டம்மா பேசுதது மட்டுந்தான் கேக்கு. அதுக்கு ஒரு ஷீட் இருக்கா?"

இவர் சிரித்தார். நானும்தான்.

"ஞாயித்துக்கெழம புனலூர் போறோம். ஆடி பொறக்கதுக்குள்ள மக அனுசியாவக் கூட்டிட்டு வரணும். அவளுக்கு ஏழு மாசம்லா, அலுங்காம வரணும்."

செங்கோட்டை தாண்டினால் மலை. வலப்பக்க வளைவுகளை மனசுக்குள் எண்ணினேன். பாதியில் விட்டுவிட்டேன்.

ஜூலை 10

முதல் தாளை எடுத்துப் படித்துவிட்டு மறுபடி நோட்டுக்குள் வைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

இவர் வெளியே போன நேரம் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். சொல்லிவிட்டேன். சக்கரமே கழன்றுவிடலாம் என்றுகூட.

"எந்தச் சத்தம்மா? நேத்து மெக்கானிக்கே ஓட்டிப் பாத்துட்டுப் புது வண்டிலான்னான். ஒம்பது மார்க்கு நீ போட்டதுதான?"

நான் போட்டதுதான். கேட்காமல் ஆக்கியதும் நான்தான். இனி யார் காதில் விழும் அது?

ஜூலை 12, சனி

நாள் முழுக்கச் சாரல். மலையில் ரோடு வழுக்கும்.

நாளைக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறார்களாம். சுரண்டைக்கு முதல் பஸ் ஐந்தரைக்கு. முதல் தாளையும் ஷீட் அறுக்கும் கத்தியையும் பையில் வைத்தாயிற்று. ஒட்டியதை அண்ணாச்சி கண்முன்னாலேயே அறுத்தெடுத்துவிட்டு, அறுபதில் ஓட்டச் சொல்வேன். பிறகு நம் கடைக்கு யார் வருவார்கள், தெரியவில்லை.

இவரிடம் சொல்லவில்லை. காலைக்கான சட்னியை இப்போதே அரைத்து வைத்துவிட்டேன்.