மினுக்கப்பட்ட தேரச்சு

மேகங்கள் இளைப்பாறும் கருங்கோட்டு மலைநாட்டு மன்னர் திருவாணையால், பேரமைச்சர் பொறையனார் எழுதுவிக்கும் ஓலை. உப்பும் முத்தும் குறையாத மணற்றிட்டு நாட்டு வேந்தரும், எம் மன்னரின் சம்பந்தியுமான ஆதன் நெடுவேலியார் காண்க. கடல் தம் எல்லையில் நிற்க. தம் குடி தழைக்க.

எம் இளவரசி வெண்ணிக்குச் சீர்வரிசையாக வந்த தேரின் அச்சைக் கண்டு, அம்மைத் தழும்பு இரும்பைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தம் அவை நகைத்ததாகவும், பின் அதை அரத்தால் அராவிக் கண்ணாடிபோல் மினுக்கிவிட்டதாகவும் தம் தூதர் பெருமையோடு உரைத்தார். கேட்டிருந்த எம் உலைக்களத் தலைவி நற்சேந்தி வாயிலிருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

அத்தழும்புகள் அவள் இட்டவை. கோபுரத்து உச்சியிலிருந்து மிளகளவு இரும்புக் குண்டுகளை மழையாய்ப் பொழிந்து இட்டவை. அடிபட்ட மேல்தோல் விரியப் பார்க்கும், உள்ளிரும்பு விடாது. அவ்வாறு இறுகிய தோலில் மயிரிழை விரிசலும் வாய்திறவாது. சுழலுந்தோறும் வளைந்து நிமிர்ந்து களைத்த அச்சை முறிப்பது பாரமன்று, அவ்விரிசலே. வழவழப்பான அச்சொன்றையும் தழும்பச்சொன்றையும் செக்கில் பூட்டிப் பார்த்தாள். முன்னது மா பூக்குமுன் முறிந்தது. பின்னதைச் சுழற்றிய காளையும், அதன் மகனும், பேரனும் மூத்து ஓய்ந்துவிட்டன. அச்சு இன்னும் சுழல்கிறது. அம்மழையின் ஓசையில் எம் கோழிகளும் தழும்பு முட்டைகளே இட்டன. பாறையில் அறைந்தும் உடையாமல் குடிகள் பட்டினி கிடந்தனர். ஐயமெனில், அம்முட்டைகளில் இரண்டு அனுப்பியுள்ளோம். தம் யானையை மிதிக்கச் சொல்க, யானைக்கு நாம் பொறுப்பல்லோம்.

இத்தகைய அச்சு வேறெந்த நாட்டிலும் இல்லை. இப்போது தம் நாட்டிலும் இல்லை. ஆடிக்கு வெண்ணி தாய்வீடு வருகிறாள். உலைக்களத்தில் சிதறிய குண்டுகளைப் பொறுக்கி விளையாடி வளர்ந்த பிள்ளை, அந்த மினுக்கிய அச்சை நம்பிக் கணவாயின் பாதாளத்தை ஒட்டி ஏறிவருவதை எண்ணியே நற்சேந்திக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மன்னர் விடைகொடுக்குமுன்பே குண்டு மூட்டைகளைக் கழுதைகளில் ஏற்றிவிட்டாள்; இவ்வோலையைக் கொணர்பவளும் அவளே. அச்சில் விரிசல் இல்லையெனில் மீண்டும் அடிப்பாள். உண்டெனில் உருக்கிப் புதிது வார்த்து அடிப்பாள். அதுவரை தேர் ஒரு முழமும் உருளலாகாது. தம் நகரின் உயர்ந்த கோபுரத்தை அவளுக்குத் திறந்துவிடுக. கோழிகளை அப்பாற்படுத்துக.

கருங்கோட்டு அரக்கு முத்திரை இட்டோம். அதன் முகமெங்கும் குழிகள் காண்பீர். நற்சேந்தி சினந்து தன் சுத்தியலால் பதித்தாள். அருள்கூர்ந்து அதையேனும் மினுக்கற்க. இது திருவாணை.