வில்லிக்கு எடுத்த புடவைகள்

அக்கா,

இன்று காலை முடிச்சூரில் ஒரு ஷூட்டிங் வீட்டுக்குள் நுழைந்ததுமே புதுப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. புது சீரியலுக்காக ஓர் அறைக்குக் கருநீலம் அடித்துக்கொண்டிருந்தார்கள். உடனே உங்கள் ஞாபகம்தான். இந்த வாசனை வந்தால் போதும், உங்களுக்குத் தலைவலியும் கூடவே வந்துவிடும். ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். "சுவரு காயட்டும், அப்புறமா வந்து குடும்பத்தக் கெடுக்கறேன்" என்பீர்கள். இன்றைக்கு அந்த மாதிரி ஒரு படியில் வெறும் பெயின்ட் டப்பாக்கள் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணில் பெயின்ட் தெறித்துவிட்டது என்று நினைத்து பெயின்டர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பாவம், அவரிடம் என்னத்தைச் சொல்வது?

நீங்கள் வில்லி, நான் உங்களுக்குப் புடவை எடுப்பவள். வருஷக்கணக்கில் ஓடிய அந்த சீரியலில் நீங்கள் கூட்டுக் குடும்பத்தின் மூத்த மருமகள். மாமனாரை எதிர்த்துப் பேசுவீர்கள், சின்ன மருமகளை வீட்டைவிட்டே துரத்துவீர்கள். நான் காஸ்ட்யூமர். நீங்கள் குரோம்பேட்டை, நான் தாம்பரம். ஷூட்டிங் முடிந்தால் ஒரே ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவோம். அந்தப் பேச்சுக்கு இன்றைக்கு ஆளில்லை.

டிவி நாடகத்தை யாரும் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பதில்லை. குழம்பைக் கிளறிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே எட்டிப்பார்ப்பார்கள். அப்படி எட்டிப்பார்க்கிற நொடியிலேயே யார் நல்லவள், யார் கெட்டவள் என்று தெரிந்துவிட வேண்டும். எங்கள் தொழிலில் நிறம் என்பது அதற்குத்தான். நாயகிக்கு இளமஞ்சள், இளம்பச்சை, மெல்லிய கரை. அவள் சமையலறைச் சுவர் சந்தன நிறம். அவளுக்குக் கஷ்டம் வந்தால் புடவையும் கொஞ்சம் சாயம் போகும். வில்லிக்கு அரக்கு, பாட்டில் பச்சை, கருநீலம். அகலமான ஜரிகை, எதிர் நிறத்தில் வேலைப்பாடு வைத்த ஜாக்கெட், பெரிய பொட்டு. அவள் அறையில் காபிப் பொடி நிறத்தில் திரைச்சீலை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே பார்க்கிறவர்கள் உங்களைத் திட்ட ஆரம்பித்துவிட வேண்டும்.

முதல் நாள் பாட்டில் பச்சையைக் கட்டிவிட்டேன். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, எங்க வீட்டு பீரோவுக்குப் புடவை கட்டின மாதிரி இருக்கே" என்றீர்கள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. இன்னொரு நாள், கருநீலச் சுவருக்கு முன்னால் கருநீலப் புடவையோடு உங்களை நிறுத்திவிட்டார்கள். மானிட்டரில் முகமும் கைகளும் மட்டும் தனியாகத் தொங்கின. யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. நீங்கள் ஒரு கையை மட்டும் மெதுவாக ஆட்டி டாட்டா காட்டினீர்கள். டைரக்டருக்குத்தான் கோபம்.

ஆனால் எல்லாமே சிரிப்பாக இல்லை. ஒரு சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டில் பூ வாங்க நின்றோம். பூக்காரம்மா உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, அந்தப் பச்சப் புள்ளய வூட்ட வுட்டே தொரத்திட்டியே, நீ நல்லாருப்பியா?" என்று கேட்டுவிட்டு, முழத்தையும் குட்டையாக அளந்து போட்டார். "சாயங்காலப் பூ, வாடாம பாத்துக் குடுங்கம்மா" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாதா என்று ஆட்டோவில் ஏறியும் பொரிந்து தள்ளினேன். இறங்கும்போது, "நாம நல்லா வேலை செஞ்சிருக்கோம்னு அர்த்தம்டி" என்றீர்கள். குரல் அப்படிச் சொல்லவில்லை.

பிறகுதான் உங்கள் மகள் விஷயம் வந்தது.

அவளுக்குக் கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்திருந்தது. பையனுக்கும் அப்படித்தான். பம்மலில் வீடு. அப்பா சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். சாதி, ஜாதகம் என்று யாரும் குறுக்கே நிற்கவில்லை. பேச்சு நல்லபடியாகத்தான் போனது. நடுவில் பேசிய உறவுக்காரர் ஒரு நாள் ஒரு சேதி கொண்டுவந்தார். பையனின் அம்மா ஒரு நாள் விடாமல் நம் சீரியலைப் பார்க்கிறவராம். பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், அந்தம்மா வீட்டிலும் அப்படித்தானா என்று.

மறுநாள் மேக்கப் அறையில் நீங்கள் வந்து உட்கார்ந்த கோலம் எனக்கு மறக்காது. காபி ஆறி ஆடை கட்டிப்போனது. அப்பா இல்லாத பெண்ணை ஒற்றை ஆளாக வளர்த்து, படிக்கவைத்து, அவள் தானாகத் தேடிக்கொண்ட நல்ல இடம். அது உங்கள் புடவையால், உங்கள் பொட்டால் தட்டிப்போய்விடுமோ என்று பயந்துபோயிருந்தீர்கள். "என்னால அவ கல்யாணம் நின்னுடக் கூடாதுடி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றீர்கள். எத்தனையோ சீனில் கிளிசரின் போட்டு நீங்கள் அழுது பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கிளிசரின் இல்லை.

நான் சும்மா இருப்பேனா? அவர்கள் பெண் பார்க்க வரும் நாளுக்கு ஒரு எபிசோடுக்குத் திட்டம் போடுவது போலப் போட்டேன். உங்கள் ஹாலில் இருந்த அரக்குத் திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டு க்ரீம் நிறத்தில் மாட்டினேன். சோபா உறைக்கு இளம்பச்சை. சாமி படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் சாமந்தி. உங்களுக்குச் சந்தன நிறத்தில் காட்டன் புடவை, விரல் அகலக் கரை, அதே நிறத்தில் ஜாக்கெட், கடுகளவு பொட்டு. மொத்தத்தில், ரொம்ப நல்ல அம்மா ஒருத்தி. டைரக்டர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

நீங்கள் கண்ணாடி முன்னால் நின்று, "இவ யாருடி, இவ்வளவு பாவமா இருக்கா?" என்று கேட்டீர்கள். சும்மா இருங்கள் அக்கா என்று அதட்டினேன். உள்ளுக்குள் எனக்கே பெருமை தாங்கவில்லை.

மதியத்துக்கு மேல் வந்தார்கள். முதலில் பையனின் அப்பா, பிறகு பையன். அவனுக்குப் பின்னால் அந்தம்மா படியேறி வந்தார். நான் சமையலறை வாசலில் டம்ளரோடு நின்றுவிட்டேன். அரக்குப் பட்டு, அகல ஜரிகை, பாட்டில் பச்சையில் கல் வேலை செய்த ஜாக்கெட், காதில் பெரிய ஜிமிக்கி, நெற்றியில் பெரிய பொட்டு. அப்படியே நீங்கள். அதற்கு முந்தின தீபாவளி எபிசோடில், சின்ன மருமகளின் கோலத்தை மிதித்துக்கொண்டு போனீர்களே, அந்தச் சீனுக்கு நான் எடுத்த புடவை. என் தொழில் புத்திக்கு அந்த நிறம் ஒன்றைத்தான் சொன்னது: இவள் பொல்லாதவள், உங்கள் மகளை என்ன பாடு படுத்தப்போகிறாளோ.

அந்தம்மா உங்களைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல வாடியது. பக்கத்தில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி உங்கள் கையைத் தொட்டு, "இன்னாங்க, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நீங்கள் குழறினீர்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. உங்கள் புடவைக்காக அந்தம்மா குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற கடைகளையெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறார். செல்போனில் உங்கள் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று வாங்கியிருக்கிறார். நீங்களும் அதே அலங்காரத்தோடுதான் இருப்பீர்கள், சம்பந்தியோடு சரிக்குச் சரியாக உட்கார வேண்டும் என்று காலையிலிருந்து கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாராம். அந்தம்மா வீட்டிலும் அப்படித்தானா என்று கேட்டது பயத்தில் இல்லை, அக்கா. ஆசையில்.

"நான் அந்த சீரியல் பாக்குறதே உங்களுக்கோசரந்தாங்க" என்றார். கணவர் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வூட்ல நான் இதுவரிக்கும் யாரையும் எதுத்து ஒரு வார்த்த பேசினதில்ல. நீங்க இந்தக் கலர் பொடவயக் கட்டிகினு மாமனார நிக்கவெச்சு கேள்வி கேப்பீங்க பாருங்க, எனக்கு அப்பிடியே மனசு குளுந்து பூடும்."

நீங்கள் எழுந்து உள்ளே போனீர்கள். பெரிய பொட்டு ஒன்றை எடுத்துக் கடுகுப் பொட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு வந்தீர்கள். சந்தனப் புடவையின் முந்தானையை உதறி இடுப்பில் செருகி, சம்பந்தியைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு, அவர் கணவர் முன்னால் போய் நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள். சீரியலில் மாமனாரைக் கேட்கிற அதே கேள்வி, அதே குரல். "இந்த வீட்டுல பொம்பளைங்க வாயத் தொறந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிடும்?"

அந்த மனுஷர் மிக்சரைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். பிறகு அவரே சிரிக்க ஆரம்பித்தார். அந்தம்மா சிரித்த சிரிப்பில் பொட்டு நழுவி விழுந்தது. உங்கள் மகள் ஓடிவந்து உங்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ள நாள் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அவர்கள் போன பிறகு திரைச்சீலைகளைக் கழற்ற நாற்காலியில் ஏறினேன். எனக்கு ஒரே வெட்கம். நிறத்தைப் படிக்கத் தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள், வாசலில் வந்து நின்ற ஒரு நல்ல மனுஷியைப் பார்த்து நடுங்கிவிட்டேனே என்று புலம்பினேன். நீங்கள் கீழே நின்று க்ளிப்புகளை வாங்கிக்கொண்டே, "எந்தப் பொம்பளையும் பீரோவத் தொறந்து, இன்னிக்கு நான் கெட்டவள்னு சொல்லிகிட்டுப் புடவை எடுக்கறதில்லடி" என்றீர்கள். அதைப் பெரிய தத்துவமாகவெல்லாம் சொல்லவில்லை. அடுத்த வாய்க்கு மிச்சமிருந்த கேசரியைப் போட்டுக்கொண்டீர்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சம்பந்தி அம்மா வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தார் என்று கேள்வி. பேரப்பிள்ளையைப் பார்த்தீர்கள். சீரியலும் முடிந்தது. பிறகு அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

நீங்கள் போன அன்று காலை உங்கள் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, நீங்க வந்து அம்மாவுக்குப் புடவை எடுத்துக் குடுங்க, எனக்குக் கை ஓடல" என்றாள். வந்தேன். ஹாலில் ஜனம் நிறைந்திருந்தது. உங்கள் பெரியம்மா ஒருவர், புருஷன் இல்லாதவளுக்கு வெளிர் நிறமே போதும், சந்தனம் இருந்தால் எடு என்றார். இன்னொருவர், டிவியில் வந்தவள், நாலு பேர் வருவார்கள், பட்டாக எடு என்றார். சாவு வீட்டுச் சீன்கள் எத்தனைக்கு நான் புடவை எடுத்திருப்பேன்! மாலை எடுப்பாகத் தெரிய வேண்டும், முகம் அமைதியாகத் தெரிய வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். பீரோவைத் திறந்துவிட்டு நின்றேன், அக்கா. ஒன்றையும் தொட முடியவில்லை. கேமரா இல்லாமல் உங்களுக்கு என்ன கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகள்தான் கையை நீட்டி, அடித்தட்டிலிருந்து ஒன்றை உருவினாள். கனகாம்பர நிறத்தில் ஒரு நூல் புடவை. கத்தரிப்பூ நிறத்தில் கரை. துவைத்துத் துவைத்து நைந்திருந்தது. முந்தானையில் மஞ்சள் கறை. லைட்டுக்கு முன்னால் இந்த நிறம் கண்ணைக் குத்தும், எந்தச் சுவரோடும் ஒட்டாது. கடையில் நான் திரும்பிக்கூடப் பார்க்காத புடவை.

"ஞாயித்துக்கெழமை ஆனா அம்மா இதத்தான் கட்டுவாங்க ஆன்ட்டி. என்னம்மா கலர் இதுன்னு கேலி பண்ணுவேன். புடிக்கும்டி, அவ்வளவுதான்னு சொல்லுவாங்க."

பெரியம்மா ஏதோ சொல்ல வந்தார். சம்பந்தி அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, "அவுங்களுக்குப் புடிச்சதக் கட்டி அனுப்புங்க" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். நான் கொசுவம் வைத்தேன். எப்போதும் நீங்கள் வயிற்றை எக்கிக்கொண்டு, சீக்கிரம்டி, மூச்சு முட்டுது என்பீர்கள். அன்றைக்கு நான் நிதானமாக மடித்தேன்.

எங்கள் தொழிலில் எல்லா நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. உங்கள் கனகாம்பரத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அது என்னை விடமாட்டேன் என்கிறது. இப்போதெல்லாம் அரக்கும் எடுக்கிறேன், கருநீலமும் எடுக்கிறேன், பிழைப்பு அதுதானே. ஆனால் ஒவ்வொரு சீரியலிலும், நடிக்க வருகிற ஒவ்வொரு பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று கேட்டுவிடுகிறேன். இந்தப் புது வில்லி சேலையூர்ப் பெண். கேட்டதும் முழித்தாள், இதுவரை யாரும் கேட்டதில்லையாம். யோசித்து, வெங்காயத் தோல் நிறம் என்றாள். தேடிப் பிடித்து ஒன்று வாங்கினேன். இன்று மதியம் அதைக் கட்டிக்கொண்டு அவள் கருநீலச் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

டைரக்டர் மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "மேடம், வில்லிக்கு இந்தக் கலர் எதுக்கு? இதுக்கு என்ன மீனிங்?"

"அவளுக்குப் புடிக்கும் சார்" என்றேன்.