பயிற்சி வகுப்பில் நான் சொன்னது

ஆடி இரண்டாம் வெள்ளி, இரவு.

இன்று வகுப்பில் இருந்தவர்கள்: என் தங்கை மாலதி, அவளிடம் படிக்கும் மாணவர்கள் நால்வர், நான். ஆக ஆறு பேர்.

பள்ளியில் பிள்ளைகளின் மனக்குறை கேட்டு ஆலோசனை சொல்லும் கவுன்சலராக இருந்த மாலதி இப்போது கவுன்சலராகப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவர்கள் பேசிப் பழக, கவலைப்படும் தாயாக நடிக்க என்னை ஃபேரர் பார்க்கில் நடக்கும் தன் வகுப்புக்குக் கூப்பிட்டாள். "மகன் ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறான், அவ்வளவுதான். சொந்தக் கதை வேணாம்க்கா," என்று முன்பே சொல்லியிருந்தாள்.

நன்றாகத்தான் நடித்தேன். ஒரு மாணவி கேள்வி கேட்டுவிட்டு, மாலதி பழக்கியபடி, பேசாமல் காத்திருந்தாள். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. "என் மக வித்யா ஸ்கூல் கவுன்சலரைப் பாக்குறா. பாத்ரூம்ல நின்னு அழுவுறா," என்று கொட்டிவிட்டேன்.

"சித்திக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா" என்று வித்யா கெஞ்சியதும், பிள்ளையார் முன் நான் வாக்குக் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன.

மாலதி பயிற்சியை நிறுத்தினாள். "இங்க கேட்டது இந்த ரூமை விட்டுப் போகாது," என்று மாணவர்களிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "வித்யாகிட்ட நீங்கதான் சொல்லணும்க்கா. இன்னைக்கே," என்றாள்.

மாலையில் விளக்கேற்றியபோது பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பிடும்போது வித்யா, "எப்படிம்மா ஆக்டிங்? அவார்டு குடுத்தாங்களா?" என்று சிரித்தாள். அங்கே திறந்த வாய் இங்கே திறக்கவில்லை.

இப்போதுதான் ஒரு சீட்டு எழுதி அவள் கதவுக்கடியில் தள்ளினேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: சித்திக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் சொன்னேன். திட்டினாலும் சரி, பேசாமல் மட்டும் இருக்காதே. காலையில் எழுந்ததும் பதில் சொல்லு.