கோடையில் வந்த கொடை

ஆனிக் கடைவெள்ளி உச்சிப்பொழுதில் எழுதிய ஓலை.

வெண்கோட்டு நாட்டு வேந்தர், ஏழு கணவாய்க்கும் காவலர், நெடுங்கீரர் திருமுன்பு, தென்கரை மண்டலத்து ஊர்ப்புரவு நாயகம் அந்துவன் சாத்தன் வணங்கி விடுப்பது. வேந்தர் கோல் நிமிர்க. அவர் நாட்டுக் குளங்கள் நிறைக. நிறைந்த குளத்துக்குக் கரை நிலைக்க.

தென்கரையின் ஊர்ச்சபைகளுக்குக் கூடையும் மண்வெட்டியும் கொத்தரும் தந்து துணைநிற்பதும், சொன்ன பணி நடந்ததா என்று பார்ப்பதும், நடத்தாத சபையின் முத்திரையை வாங்கி அவ்வூரைத் தன் ஆட்சியில் வைப்பதும் நாயகத்தின் கடமை என்பதை வேந்தர் அறிவார். முதல் இரண்டும் நாயகத்துக்கு உவப்பு. மூன்றாவதைச் செய்த நாளில் அவர் உண்பதில்லை.

மாசியில் எல்லாச் சபைகளுக்கும் ஓர் ஆணை போயிற்று: வருகிற கோடையில் குளம் தூர்வாருக, தவறினால் முத்திரை பறிபோகும். ஓலை எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பு ஒன்றே. தாழைக்குறிச்சிச் சபை கோடை என்ற சொல்லைக் கொடை என்று வாசித்து, ஊரம்மனுக்கு எடுக்கும் திருவிழா என்று கொண்டது. அவ்வூரிலோ கொடை நின்று ஒரு தலைமுறை ஆயிற்று. முதல் முளைப்பாரியை மேலத்தெரு சுமப்பதா, கீழத்தெரு சுமப்பதா என்ற வழக்கில் நின்றது அது. கொடை நடவாவிட்டால் தூர்வார முடியாது, தூர்வாராவிட்டால் முத்திரை போய்விடும் என்று சபையினர் அஞ்சினர். சித்திரையும் வைகாசியும் இரு தெருவையும் ஒரு பந்தியில் உட்காரவைப்பதிலேயே கழிந்தன.

இதை நாயகம் அறியார். கூடைகள் கவிழ்ந்து கிடக்கின்றன, ஊர் பந்தல் போடுகிறது என்று கண்காணி வந்து சொன்னதே அவர் அறிந்தது. சபையைக் கலைக்கும் ஆணையை மடியில் வைத்துக்கொண்டு, கடந்த செவ்வாயன்று அவரே போனார்.

தெருக்களில் ஆள் இல்லை. ஊரே குளத்துக்குள் இருந்தது. மேளம் முழங்க, மேலத்தெரு அள்ள, கீழத்தெரு சுமந்தது.

"ஏ மேலத்தெரு, கூடை நெறய அள்ளுங்கல! திருநீறா குடுக்கீய?"

"சுமக்க இடுப்பு இருக்கான்னு மொதல்ல பாரு!"

நாயகத்தை யாருக்கும் தெரியவில்லை. "குடைக்குள்ள நின்னு என்னவே வேடிக்கை? கை இல்லையா?" என்று ஒருவன் அவர் தலையில் ஒரு கூடையை ஏற்றினான். அதைக் கரைசேர்த்த பின்பே அவர் தம் பெயரைச் சொன்னார்.

சபைத் தலைவி வடிவாச்சி சேற்றுக்காலோடு ஓடிவந்தாள். "ஓலையில சொன்னபடி கொடையிலதான வாருதோம், நாயகரே? கொடை நின்ன ஊர்ல கொடை எடுக்கப் பட்ட பாடு எங்களுக்குல்ல தெரியும்!"

"அம்மா, அது கோடை" என்றார் நாயகம்.

மேளம் நின்றது.

"அப்பம் அம்புட்டுச் சண்டையையும் சும்மாவா விட்டோம்?" என்றான் கூடை ஏற்றியவன். யார் முதலில் சிரித்தார் என்று தெரியவில்லை. குளம் முழுக்கச் சிரித்தது. வடிவாச்சி மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் முடிந்திருந்த முத்திரையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

நாயகம் வானத்தைப் பார்த்தார். ஆனி இன்னும் முதுவேனிலே. குளத்தைப் பார்த்தார், பழைய தரை தெரிந்தது. கொடையில் வாரினர், அது கோடையிலும் விழுந்தது, ஆகவே ஆணை இருமுறை நிறைவேறிற்று என்று தீர்ப்புரைத்தார். மடியில் இருந்ததை வண்டலில் புதைத்தார். மேளம் மீண்டும் எழுந்தது.

அந்தியில் முளைப்பாரி வந்தது. இரு தெரு வித்தும் ஒரே சட்டியில் முளைத்திருக்க, தெருவுக்கு ஒரு பெண்ணாக இருபுறம் பிடித்து வந்தனர். அன்று நாயகம் இரண்டு பந்தியில் உண்டார்.

ஆதலால் வேந்தர் பெயரால் நாயகம் இடும் ஆணை: தாழைக்குறிச்சி முத்திரை அச்சபையிடமே இருக்கும். இனி ஆணையோலையோடு அதை வாய்விட்டு வாசித்துக் காட்டுவோரும் செல்ல வேண்டும். சண்டையிடும் ஊர்களுக்கு மட்டும் வேண்டாம். வண்டல் காயுமுன் இது எல்லாச் சபைக்கும் சேர்க. நாயகத்தின் நாரை முத்திரை இட்டுக் கட்டியது.

கட்டிய பின் ஒன்று. புறப்படும்போது வடிவாச்சி கேட்டதற்கு விடை சொல்ல நாயகத்துக்கு அதிகாரம் இல்லை. அவள் கேட்டபடியே வேந்தர் திருமுன் வருகிறது:

"அடுத்த கொடைக்கு மகாராசா வருவாகளா, இல்ல ஓலைதான் வருமா?"